கையெழுத்து ஓடும்போதே எழுதி வைப்போம்!



ஆண்டுதோறும் டிசம்பர் 17 அன்று, ஓய்வூதியர் தினத்தில், கொடியேற்றுகிறோம், இனிப்பு வழங்குகிறோம், நகரா தீர்ப்பைப் பற்றிப் பேசுகிறோம், கலைகிறோம். 1982-ல் அதே நாளில்தான் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, ஓய்வூதியம் என்பது முதலாளி மனமிரங்கிக் கொடுக்கும் கருணைத் தொகை அல்ல, உழைத்தவரின் உரிமை என்று சொன்னது. அந்த உரிமை கைநழுவாமல் இருக்க மறியல் செய்திருக்கிறோம், கருவூல வாசலில் தர்ணா இருந்திருக்கிறோம். அகவிலைப்படி ஒரு தவணை தள்ளிப்போனால் இன்றும் கொதித்தெழுகிறோம்.

ஆனால் ஒரு கேள்வியை நம் ஓய்வூதியர் சங்கப் பொதுக்குழுவில் யாரும் எழுப்பிக் கேட்டதில்லை. மாதக் கடைசியில் கணக்கில் ஏறும் அந்தப் பணத்தை, நமக்குப் பேச்சும் நினைவும் போன பிறகு யார் எடுப்பது? ஐ.சி.யூ.வில் இன்னும் எத்தனை நாள் வைப்பது என்பதை யார் சொல்வது? வாழ்நாள் சம்பாத்தியத்தில் கட்டிய வீட்டில் கடைசிவரை நம்மை இருக்கவிடுவார்கள் என்பதற்கு என்ன எழுத்து இருக்கிறது?

"பிள்ளைகள் பார்த்துக்குவாங்க" என்கிறோம். பார்த்துக்கொள்ள மனமுள்ள பிள்ளைக்கும் வங்கிக் கவுண்டரில், சார்பதிவாளர் அலுவலகத்தில், மருத்துவமனையில் நீட்டிக் காட்ட ஒரு காகிதம் வேண்டும். அந்தக் காகிதத்தில் கையெழுத்திட வேண்டியவர் நாம். நம் கையும் அறிவும் ஓடுகிற நாளில்தான் அது செல்லும்.

ஆகவே இந்த அறைகூவல்: வரும் ஓய்வூதியர் தினத்துக்குள் நம் ஒவ்வொரு கிளையிலும் ஒவ்வொரு உறுப்பினரும் நான்கு ஏற்பாடுகளைச் செய்து முடிக்க வேண்டும். வங்கி, வீடு, மருத்துவம், பராமரிப்பு. இதைத் தனித்தனி வீட்டுக் கவலையாக விட்டுவிடாமல், சங்க வேலையாக எடுத்துச் செய்வோம்.

கவுண்டரில் நடந்தது

நம் தோழர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போய்விட்டன. நினைவு இருந்தது, சொன்னால் புரியும், தலையசைப்பார். ஓய்வூதியக் கணக்கு அவர் பெயரில் மட்டும். ஏ.டி.எம். கார்டு வாங்கவே இல்லை, "அதெல்லாம் ஏமாத்து வேலை" என்பார். ஆஸ்பத்திரியில் பணம் கட்டச் சொன்னார்கள். அவர் மனைவி பாஸ்புத்தகத்தையும் ஓய்வூதிய ஆணைப் (பி.பி.ஓ.) புத்தகத்தையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு வங்கிக்குப் போனார்.

"சார் வந்து கையெழுத்துப் போடணும்மா."

"அவர் படுத்த படுக்கையா இருக்காருங்க. நாமினி நான்தானே? இதோ, புத்தகத்துலயே போட்டிருக்கு."

"நாமினிங்கிறது அவர் போன பிறகும்மா."

அந்த அம்மா திரும்பி வந்து நம்மிடம் கேட்டது இதுதான்: "அவர் செத்தா பணம் குடுப்பாங்களாம், உயிரோட இருந்தா குடுக்க மாட்டாங்களாம். இது என்னங்க நியாயம்?"

கவுண்டரில் இருந்தவர் சொன்னதில் பாதி சரி. நாமினேஷன் இறப்புக்குப் பிறகுதான் செயல்படும். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம் என்று சட்டம் மாறியிருக்கிறது. நான்கு பேரைப் போட்டாலும், உயிரோடு படுத்திருப்பவருக்காக அவர்களில் ஒருவராலும் ஒரு ரூபாய் எடுக்க முடியாது.

மறுபாதியை அவர் சொல்லவில்லை. நோயாலும் முதுமையாலும் கையெழுத்திட முடியாத வாடிக்கையாளருக்கு ரிசர்வ் வங்கியே ஒரு வழி வகுத்திருக்கிறது. கை விரலோ கால் விரலோ, ரேகை வைக்க முடிந்தால் போதும். வங்கிக்குத் தெரிந்த, சம்பந்தமில்லாத இருவர் சாட்சி சொல்ல வேண்டும். அவர்களில் ஒருவர் பொறுப்பான வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். ரேகையும் வைக்க முடியாதவர் ஒரு குறி இட்டாலே ஏற்கலாம். இந்த விதியை எடுத்துக்கொண்டு கிளைச் செயலாளரும் இரண்டு தோழர்களும் வங்கிக்குப் போனார்கள். அதிகாரி படுக்கைக்கே வந்தார். இடது கைப் பெருவிரலில் மை தடவி, பணம் எடுக்கும் படிவத்தில் ரேகை பதிந்தது. அந்த அம்மா கையில் பணம் சேர்ந்தது.

அது சங்கத்தின் வெற்றிதான், மறுக்கவில்லை. ஆனால் யோசியுங்கள். அந்தத் தோழருக்கு நினைவு இருந்தது. நினைவே இல்லாமல் கிடப்பவருக்கு, மறதிநோய் முற்றி மனைவியையே யாரென்று கேட்பவருக்கு, இந்த விதி உதவாது. தான் எதற்கு ரேகை வைக்கிறோம் என்று அறியாதவரின் விரலைப் பிடித்து மையில் அழுத்துவது மோசடி.

சட்டத்தில் இருக்கும் ஓட்டை

"நான் அப்பவே பையன் பேருக்குப் பவர் எழுதிட்டேன், எனக்குக் கவலையில்லை" என்று சொல்லும் தோழர்கள் கவனியுங்கள். 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 201-வது பிரிவு. அதிகாரம் கொடுத்தவர் இறந்தாலும் பவர் முடிந்துவிடும்; அவர் சித்த சுவாதீனம் இழந்தாலும் முடிந்துவிடும். அதாவது நாம் நடமாடி, கையெழுத்துப் போட்டு, யார் தயவும் தேவையில்லாமல் இருக்கும் காலம் முழுக்க பவர் பத்திரம் உயிரோடு இருக்கும். எந்த நாளுக்காக எழுதினோமோ அந்த நாளில் செத்துப்போகும்.

மற்ற நாடுகள் இந்த ஓட்டையை எப்போதோ அடைத்துவிட்டன. இங்கிலாந்தில், கொடுத்தவரின் சுவாதீனம் போன பிறகும் செல்லும் அதிகாரப் பத்திரத்துக்கு 1985-லேயே சட்டம் வந்தது. சிங்கப்பூரில் 2008-ல் இயற்றிய மனத்திறன் சட்டத்தின்படி 21 வயது நிரம்பிய எவரும் அப்படியொரு பத்திரம் எழுதிப் பதிந்து வைக்கலாம். அங்கே வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு அந்த வசதி இருக்கிறது. இங்கே தஞ்சாவூரிலும் தூத்துக்குடியிலும் இருக்கும் அவர்களுடைய அண்ணன் தம்பிகளுக்கு இல்லை.

காப்பாளர் நியமனமாவது எளிதா? 1987-ன் மனநலச் சட்டத்தில், மனநலம் குன்றியவரின் சொத்தை நிர்வகிக்க மாவட்ட நீதிமன்றம் மேலாளரை நியமிக்க வழி இருந்தது. அந்தச் சட்டத்தை நீக்கிவிட்டு வந்த 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் உரிமைகளைப் பற்றி நல்லது பல சொல்கிறது. சொத்து நிர்வாகத்துக்கான அந்த அத்தியாயத்தை மட்டும் விட்டுவிட்டது. 1999-ன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுவளர்ச்சிக் குறைபாடு, பல்வகை ஊனம் உள்ளவர்களுக்கானது. எழுபது வயதில் கோமாவில் விழுந்தவர் அதில் அடங்கமாட்டார்.

மிச்சம் இருப்பது உயர் நீதிமன்றம். கோமாவில் கிடப்பவருக்குக் காப்பாளர் நியமிக்க என்னென்ன பார்க்க வேண்டும் என்று 2019-ல் கேரள உயர் நீதிமன்றம் வழிகாட்டு நெறிகள் தந்தது. நம் மாநிலத்தில் 2024-ல், கோமாவில் கிடந்த கணவரின் சொத்தை விற்றுச் சிகிச்சை செய்ய அனுமதி கேட்டு ஒரு மனைவி சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். தனி நீதிபதி சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொன்னார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு அந்த அம்மாவையே காப்பாளராக நியமித்து, விற்ற பணத்தில் ஒரு பகுதியைக் கணவர் பெயரில் டெபாசிட் செய்யவும் உத்தரவிட்டது. தாய் தகப்பன் இடத்தில் நின்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது, பாராட்டுவோம். ஆனால் கணவனைப் படுக்கையில் விட்டுவிட்டு, வக்கீல் பீஸ் கட்டி, உயர் நீதிமன்றப் படியேறி, மேல்முறையீடு வரை போக நம் வீட்டுப் பெண்களில் எத்தனை பேரால் முடியும்?

நம் மாநிலத்தில் இது யாருக்கோ வரும் கதை அல்ல. 2021-க்கான மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டு மக்களில் 13.6 சதவீதம் பேர் அறுபதைக் கடந்தவர்கள். பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்து நாம்தான். நாடு முழுக்க எடுத்த முதியோர் ஆய்வின் தரவைக் கொண்டு 2023-ல் வெளியான கணக்கு, இந்தியாவில் அறுபது கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாகச் சொல்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கும், நகரத்தைவிடக் கிராமத்துக்கும் அந்த விகிதம் அதிகம். நம் கிளைக் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்திருப்பவர்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தால் போதும், இது நம் பிரச்சினை என்பது விளங்கும்.

முதல் வேலை: வங்கி

இந்த மாதமே முடிக்க வேண்டியது இது. சேமிப்புக் கணக்கு ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால், நம்பிக்கையான ஒருவரைச் சேர்த்துக் கூட்டுக் கணக்காக்குங்கள். 'ஈதர் ஆர் சர்வைவர்' என்று போட வேண்டும், இருவரில் யார் கையெழுத்திட்டாலும் செல்லும். 'ஃபார்மர் ஆர் சர்வைவர்' என்று போட்டால் முதல் பெயர்க்காரர் இருக்கும்வரை மற்றவர் தொட முடியாது. படிவத்தில் டிக் அடிக்கும்போது இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். மத்திய அரசு ஓய்வூதியர்கள் வாழ்க்கைத் துணையோடு சேர்ந்த கூட்டுக் கணக்கிலேயே ஓய்வூதியம் பெறலாம். மற்ற துறைத் தோழர்கள் கருவூலத்திலோ வங்கியிலோ எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள்.

கூட்டு டெபாசிட்டை முதிர்வுக்கு முன் உடைக்க இருவர் கையெழுத்தையும் கேட்பது வழக்கம். ஆகவே பணிக்கொடையை ஒரே டெபாசிட்டாகப் பூட்டி வைக்காதீர்கள். சில மாத வைத்தியச் செலவுக்கான தொகை சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். கணக்கு எண்கள், பாலிசிகள், லாக்கர், நகைக்கடன், கொடுத்த கடன், வாங்கிய கடன் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்பதைத் துணைக்கும் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள். "எங்க வீட்டுக்காரருக்கு எந்த பேங்கில் என்ன இருக்குன்னே எனக்குத் தெரியாதுங்க" என்ற பேச்சு இனி நம் சங்கத்துக் குடும்பத்தில் கேட்கக் கூடாது.

இரண்டாம் வேலை: வீடு

"உயிரோடு இருக்கும்போதே பிள்ளை பெயருக்கு மாத்திட்டா பின்னால் தகராறு இருக்காது" என்று தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வீட்டுத் திண்ணையில் தட்டேந்தும் தோழர்களைப் பார்த்திருக்கிறோம். செட்டில்மெண்ட் எழுதிப் பதிந்த அன்றே உரிமை கைமாறிவிடும். மனம் மாறினால் நினைத்தபடி ரத்து செய்ய முடியாது.

2007-ன் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 23-வது பிரிவில் நமக்கு ஒரு கேடயம் தருகிறது. எங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, வாங்கியவர் அதைச் செய்யத் தவறினால், அந்த மாற்றமே செல்லாது என்று கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் அறிவிக்கலாம். ஆனால் 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அப்படியொரு நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில், இது முதியோரைக் காக்க வந்த சட்டம், அந்த நோக்கம் நிறைவேறும்படிதான் பொருள் கொள்ள வேண்டும் என்று தாராளமாகத் தீர்ப்பளித்தது. எந்த நீதிபதி எப்படிப் பார்ப்பார் என்ற விசாரம் நமக்கு எதற்கு? எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் பத்திர எழுத்தரிடம் சொல்லி இரண்டு வரி சேர்க்கச் செய்யுங்கள். ஒன்று, எங்கள் ஆயுள்வரை இந்த வீட்டில் குடியிருந்து அனுபவிக்கும் உரிமை எங்களுக்கே. இரண்டு, எங்களுக்கு உணவு, மருத்துவம், பராமரிப்பு தர வேண்டும் என்பது இந்த மாற்றத்தின் நிபந்தனை. "அதெல்லாம் வழக்கமில்லை சார்" என்று எழுத்தர் சொன்னால் வேறு எழுத்தரிடம் போங்கள்.

அவசரமில்லாதவர்கள் உயில் எழுதுங்கள். உயிலை உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறையும் மாற்றலாம். சொத்து நம்மிடமே இருக்கும். வெள்ளைத் தாளில் எழுதினாலும் செல்லும், இரண்டு சாட்சிகள் கட்டாயம். சொத்தில் பங்கு பெறாதவர்களைச் சாட்சியாக வையுங்கள். பதிவு கட்டாயமில்லை என்றாலும் பதிவது நல்லது. நடமாட முடியாதவரின் வீட்டுக்கே பதிவு அதிகாரி வருவதற்குப் பதிவுச் சட்டத்தில் இடமுண்டு. மறதி தொடங்கியதாகச் சந்தேகம் இருந்தால், எழுதும் அன்றே டாக்டரிடம் சுவாதீனச் சான்று வாங்குங்கள். பின்னால் கோர்ட்டில் முதலில் கேட்கப்படுவது அதுதான்.

தனியாக வாழும் தோழியர்கள், பிள்ளையில்லாத தம்பதிகள், ஊனமுற்ற பிள்ளையை வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கூடுதலாக யோசிக்க வேண்டும். 1882-ன் இந்திய அறக்கட்டளைச் சட்டப்படி, சொத்தை ஒரு தனியார் அறக்கட்டளையாக்கி, நம் பராமரிப்புக்கே செலவழிக்கும்படி அறங்காவலர்களை நியமிக்கலாம். நமக்குச் சுவாதீனம் போனாலும் அது பவர் பத்திரம் போல முறிந்துவிடாது. செலவும் கணக்கு வழக்கும் உண்டு. வக்கீலைக் கலந்து செய்ய வேண்டியது. பிள்ளையில்லாத முதியவரின் சொத்தை அனுபவிக்கும் அல்லது பின்னால் அடையப்போகும் உறவினரும் அவரைப் பராமரிக்கக் கடமைப்பட்டவர் என்று 2007 சட்டம் சொல்வதையும் மறக்க வேண்டாம்.

மூன்றாம் வேலை: மருத்துவம்

ஐ.சி.யூ. வாசலில் என்ன நடக்கும் என்று தெரியும். வெளிநாட்டிலிருந்து மகன் போனில், "எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை டாக்டர், எதையாவது பண்ணிக் காப்பாத்துங்க" என்பார். பக்கத்திலேயே இருந்து எல்லாம் பார்த்த மகள், "அப்பாவைக் கஷ்டப்படுத்தாதீங்க" என்பார். வெண்டிலேட்டரில் படுத்திருப்பவர் என்ன விரும்புவார் என்பது இருவருக்கும் தெரியாது. அவர் சொல்லி வைக்கவில்லை. அண்ணன் தங்கை பேச்சுவார்த்தை அன்றோடு முறிகிறது.

2018 மார்ச் 9 அன்று காமன் காஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், கண்ணியத்தோடு இறப்பதும் வாழ்வுரிமையின் பகுதி என்று சொல்லி, முன்கூட்டிய மருத்துவ உத்தரவை, அதாவது 'லிவிங் வில்'லை, சட்டப்படி ஏற்றது. அப்போது மாஜிஸ்திரேட் கையொப்பம் வேண்டும் என்ற நிபந்தனையால் பலர் எழுத முன்வரவில்லை. 2023 ஜனவரியில் அதை எளிதாக்கினார்கள். இப்போது, சுவாதீனமுள்ள வயதுவந்த எவரும் தன் விருப்பத்தை எழுதி, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும். நமக்காகப் பேச வேண்டியவர்களின் பெயர்களை அதில் குறிக்க வேண்டும். ஒருவருக்கு மேற்பட்டவரைக் குறிக்கலாம். ஒரு பிரதியைக் குடும்ப டாக்டரிடமும், ஒன்றை மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சியில் அதற்குரிய அலுவலரிடமும் கொடுக்க வேண்டும்.

இது கருணைக்கொலை அல்ல; அந்தக் குழப்பத்தை ஒவ்வொரு கூட்டத்திலும் விளக்குங்கள். யாரும் ஊசி போட்டு நம்மைக் கொல்லப் போவதில்லை. மீள வழியே இல்லை என்று சிகிச்சை செய்யும் டாக்டரும் துறை நிபுணர்களும் கொண்ட மருத்துவமனைக் குழு முடிவு செய்ய வேண்டும். பிறகு மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் டாக்டரைக் கொண்ட இரண்டாவது குழு அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு குழுவும் கூடியவரை 48 மணி நேரத்துக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் செயற்கை உயிர்காப்பை நிறுத்தலாம். வலிக்கான மருந்தும் ஆதரவுப் பராமரிப்பும் நிற்காது. "என்ன ஆனாலும் எனக்கு எல்லாச் சிகிச்சையும் வேண்டும்" என்று விரும்பும் தோழர் அதையே எழுதி வைக்கட்டும். யாரும் யாரையும் ஒரு பக்கம் தள்ளக் கூடாது. எழுதி வைக்க வேண்டும் என்பதுதான் நம் கோரிக்கை.

மறதிநோய் பயம் உள்ளவர்கள் இன்னொன்றும் செய்யலாம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மனநலச் சிகிச்சை தேவைப்படும்போது எப்படிப் பராமரிக்க வேண்டும், எப்படிக் கூடாது என்று முன்னுத்தரவு எழுதி, தன் சார்பில் முடிவெடுக்கும் பிரதிநிதியின் பெயரையும் குறிக்கலாம்.

நான்காம் வேலை: யார் பார்த்துக்கொள்வது?

இதைப் பேசத்தான் நமக்கு நாக்கு எழுவதில்லை. நம் வீடுகளில் படுக்கையில் விழுந்தவரைப் பார்த்துக்கொள்பவர் யார்? மனைவி, மகள், மருமகள். இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வரும் என்று ராத்தூக்கம் தொலைப்பவர்கள், மூக்கு வழி ட்யூபில் கஞ்சி ஊற்றுகிறவர்கள், டயபர் மாற்றுகிறவர்கள் அவர்கள்தான். அறுபத்தைந்து வயது மனைவி எழுபது வயதுக் கணவரைத் தூக்கி உட்கார வைத்து இடுப்பு பிடித்துக்கொண்டு, பிறகு அவரையும் பார்க்க ஆள் வேண்டியதாகிறது. இந்த உழைப்புக்குக் கூலியும் இல்லை, விடுப்பும் இல்லை. தொழிற்சங்கத்தில் வளர்ந்த நாம் இதை உழைப்பு என்று சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

மருத்துவக் காப்பீடு ஆஸ்பத்திரியில் படுத்தால் பணம் தரும். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டில் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் படுத்திருக்கும் காலத்தின் ஆள் சம்பளத்துக்குக் கைவிரித்துவிடும். ஆகவே குடும்பத்தை உட்கார வைத்து இதைப் பேசி, தாளில் எழுதுங்கள். எந்த வீட்டில் இருக்க விரும்புகிறீர்கள்? ஆள் போட்டால் சம்பளம் எந்தப் பணத்தில்? அது தீர்ந்தால் எதை விற்பது? முதியோர் இல்லம் போகச் சம்மதமா? பார்த்துக்கொள்ளும் மகளுக்கோ மருமகளுக்கோ மாதம் ஒரு தொகை கொடுக்கச் சொல்லி எழுதுங்கள்; உயிலில் அவர் உழைப்புக்கு ஒரு பங்கு வையுங்கள். இந்தத் தாள் நீதிமன்றத்தில் பத்திரம் போல நிற்காது. ஆனால் நம் மனது என்னவென்று பிள்ளைகளுக்குத் தெரியும். அவர்களுக்குள் வரும் சண்டையில் பாதியை அது தீர்க்கும்.

கிடைக்கும் உதவியைக் கேட்டு வாங்கவும் பழகுவோம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் வலி நிவாரண ஆதரவுப் பராமரிப்பும் தருகிறார்கள். கைவிடப்பட்டால், கொடுமைக்கு ஆளானால், 14567 முதியோர் உதவி எண். சட்ட உதவிக்கு ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடித் தோழர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது 1987-ன் சட்டம்.

"அபசகுனமா பேசாதே தோழரே!"

இந்தப் பேச்சை எடுத்தாலே மூன்று பதில்கள் வருகின்றன.

"நல்லா இருக்கும்போது இதெல்லாம் அபசகுனம்" என்பார்கள். சகுனம் பார்த்துச் செய்யாதவனுக்கும் பக்கவாதம் வரும். எழுதி வைத்தவனுக்கும் வராமல் போகலாம். எழுதியதால் வருவதில்லை, எழுதாததால் வராமலும் இருப்பதில்லை. பகுத்தறிவு பேசி வளர்ந்த இயக்கத்தில் இருந்துகொண்டு இந்தப் பேச்சு நமக்கு அழகல்ல.

"பெத்த பிள்ளையை நம்பாமல் நிபந்தனை போடுவதா?" என்பார்கள். நிர்வாகத்தோடு போட்ட ஒப்பந்தங்களை எல்லாம் எழுத்தில் வாங்கியவர்கள் நாம். வாய்ச்சொல்லை நம்பி ஒரு போராட்டத்தையாவது விலக்கிக்கொண்டோமா? எழுத்தில் இருந்தால் நல்ல பிள்ளைக்குப் பாதுகாப்பு. கெட்ட பிள்ளைக்குக் கடிவாளம்.

"எனக்கு என்ன கோடி கோடியாவா சொத்து இருக்கு?" என்பார்கள். கோடீஸ்வரனுக்கு வக்கீலும் ஆடிட்டரும் வீடு தேடி வருவார்கள். மாத ஓய்வூதியத்தை மட்டும் நம்பியிருக்கும் வீட்டில்தான் ஒரு மாதம் பணம் எடுக்க முடியாமல் போனால் அடுப்பு எரியாது. சொத்து குறைந்தவருக்கே இந்தக் காகிதங்கள் அதிகம் தேவை.

கிளைகள் செய்ய வேண்டியவை

ஒவ்வொரு கிளையும் மூவர் குழு அமைக்கட்டும், அதில் ஒருவர் கட்டாயம் தோழியராக இருக்கட்டும். உயிர்வாழ் சான்றுக்கு உதவுவதுபோல, மாதாந்திரக் கூட்டத்தில் ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். நோட்டரியையும், சட்டப்பணிகள் ஆணைக்குழு வக்கீலையும் கூட்டத்துக்கே அழைத்து வாருங்கள். கூட்டுக் கணக்குப் படிவம், மருத்துவ உத்தரவு மாதிரி, செட்டில்மெண்ட்டில் சேர்க்க வேண்டிய நிபந்தனை வாசகம், ரிசர்வ் வங்கி விதி ஆகியவற்றைத் தமிழில் அச்சிட்டுக் கையில் கொடுங்கள். கணவரை மட்டும் கூப்பிடாதீர்கள், துணைவியரையும் அழையுங்கள். நாளை கவுண்டரில் நிற்கப் போவது அவர்கள். கூட்டத்துக்கு வர முடியாதவர் வீட்டுக்கு இரண்டு பேர் போங்கள்.

ஒரு கட்டுப்பாட்டை இன்றே தீர்மானமாக நிறைவேற்றுங்கள்: சங்க நிர்வாகி எவரும் உறுப்பினரின் பவரை ஏற்கக் கூடாது, உயிலில் பங்கு பெறக் கூடாது, பாஸ்புத்தகத்தையோ பத்திரத்தையோ வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. உதவி செய்யப்போய்ச் சங்கத்தின் பெயர் கெட்டால் இந்த வேலையே நின்றுவிடும்.

அரசிடம் நம் கோரிக்கைகளும் தெளிவாக இருக்கட்டும். சுவாதீனம் போன பிறகும் செல்லும் அதிகாரப் பத்திரத்துக்கும், நினைவிழந்தவர்களுக்கு மாவட்ட அளவிலேயே காப்பாளர் நியமனத்துக்கும் ஒன்றிய அரசு சட்டம் கொண்டுவர வேண்டும். 2007 சட்டத்தில் மாதப் பராமரிப்புத் தொகைக்கு இருக்கும் 10,000 ரூபாய் உச்சவரம்பை நீக்க வேண்டும். தீர்ப்பாயங்கள் சட்டம் சொன்ன 90 நாளுக்குள் மனுவை முடிக்க வேண்டும். மருத்துவ உத்தரவுகளைப் பெற்றுப் பாதுகாக்கும் அலுவலர் யார் என்று ஒவ்வொரு உள்ளாட்சியும் பலகை வைத்து அறிவிக்க வேண்டும்; இரண்டாவது மருத்துவக் குழுவுக்கான டாக்டர்களின் பட்டியல் ஒவ்வொரு மாவட்டத்திலும் தயாராக இருக்க வேண்டும். இதற்கு முன்மாதிரி உண்டு: மருத்துவ உத்தரவு பற்றிய காமன் காஸ் தீர்ப்பை நடைமுறைப்படுத்தக் கர்நாடக அரசு 2025 ஜனவரியில் உத்தரவு பிறப்பித்தது. மறதிநோயாளிகளுக்கும் படுத்த படுக்கையானவர்களுக்கும் அரசுப் பராமரிப்பு இல்லங்களும், பகல்நேரப் பராமரிப்பு மையங்களும் வேண்டும்.

தோழர்களே, கோரிக்கைக்குப் போராடுவோம், சட்டம் வரும்வரை ஓயமாட்டோம். ஆனால் சட்டம் வரும்வரை நோய் காத்திருக்காது. இன்று இருக்கும் சட்டத்தை வைத்து இன்றே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. இதை வாசித்து முடித்ததும் உங்கள் பாஸ்புத்தகத்தை எடுத்து, முதல் பக்கத்தில் எத்தனை பெயர் இருக்கிறது என்று பாருங்கள். ஒரு பெயர் மட்டும் இருந்தால், நாளைக் காலை வங்கி திறந்ததும் துணைவியோடு அங்கே நில்லுங்கள். அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும்போது, முடித்த வேலையைச் சொல்லிப் பெயர் கொடுங்கள். முடிக்காத தோழர் ஒருவரையும் கையோடு அழைத்து வாருங்கள்.